மருந்துக் கடையும் ஸ்தூல சரீரமும்

விக்டோரியா மகாராணியின் காலத்து லண்டனில், 202 பவுண்டு எடையைச் சுமந்து மாடிப்படியில் பின்புறமாகவே இறங்க வேண்டிய அவஸ்தைக்கு ஆளாகியிருந்த வில்லியம் பான்டிங் என்பவர், வைத்தியர் வில்லியம் ஹார்வியின் யோசனைப்படி ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி மெலிந்த விருத்தாந்தத்தை 1863-இல் சிறு பிரசுரமாக வெளியிட்டபின், உடற்பருமன் ஜனங்களின் நித்திய விசாரமாயிற்று. ஆயினும் பத்தியத்தைக் காட்டிலும் சீசா மருந்தையே மனம் நாடியது. மருந்துக் கடைகளில் விலைபோன ‘ஆன்டிபான்’ என்னும் செந்நிறத் திரவத்தைப் பரிசோதித்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம், அதில் பிரதானமாயிருந்தது எலுமிச்சைப் புளிப்பின் சத்தாகிய சிட்ரிக் அமிலமே என்று 1909-இல் பகிரங்கப்படுத்திற்று. நம்பி வந்தவரிடம் நடத்திய அந்த வஞ்சனை மகா அநியாயம். அதே தேசத்து மருந்துக் கடைக்காரர்கள் பிற்காலத்தில், எடை பார்த்து, இடுப்பளவு குறித்து, ஆகார நியமங்களைப் பொறுமையாக எடுத்துச் சொல்லத் தொடங்கியதை உண்மையான அபிவிருத்தி என்றே கொள்கிறேன்.