25 துளைகள் வழியே ஓர் ஆய்வுக்கூடம்

ஹென்டர்சனில் எங்கள் வீட்டு கராஜில் அப்பாவின் பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் 25 சின்னத் துளைகள் உள்ள அகலமான ஓர் இணைப்பு. "இது என்னப்பா?" என்று கேட்டேன். "பிரின்டர் மாட்டுற இடம்" என்றார். தேடிப் பார்த்தபோது, இந்தியாவில் இதே துளைகள் வழியாக மாணவர்கள் இயற்பியல் படித்தது தெரிந்தது. அந்தக் கதை இது.

இதன் பெயர் பேரலல் போர்ட். 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே இருப்பது. எட்டுக் கம்பிகளில் எட்டு பிட்டுகள் ஒரே நேரத்தில் போகும். போர்ட்டுக்கு ஒரு முகவரி எண் உண்டு. அந்த முகவரிக்கு 1 என்று அனுப்பினால் ஒரு கம்பியில் மட்டும் மின்னழுத்தம் ஏறும். 255 என்று அனுப்பினால் எட்டிலும் ஏறும். பல்பு எரியவைக்கலாம், மோட்டாரைக் கட்டுப்படுத்தலாம்.

டாஸ் காலத்தில் எந்த நிரலும் போர்ட்டை நேராகத் தொடலாம். 1993இல் வந்த விண்டோஸ் என்டி அதைத் தடுத்தது. பல நிரல்கள் ஒன்றாக ஓடும் கணினியில், ஒரு தப்பான நிரல் மொத்தக் கணினியையும் முடக்கிவிடக் கூடாதல்லவா? லினக்ஸில் நிர்வாகியின் அனுமதி இருந்தால் தொடலாம். ஆனால் அங்கே இன்னொரு சிக்கல். டாஸில் பெரும்பாலும் முகவரியை முதலில் எழுதி, அனுப்பும் எண்ணைப் பிறகு எழுதுவார்கள். லினக்ஸில் அது தலைகீழ்! மாற்றி எழுத மறந்தால், அனுப்ப வேண்டிய எண்ணே முகவரியாகிவிடும்.

2004இல் புது டெல்லியின் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. விலையுயர்ந்த கருவிகளை வாங்க முடியாத கல்லூரிகளுக்கு மலிவான ஆய்வுக் கருவி செய்வது அதன் நோக்கம். விஞ்ஞானி அஜித் குமார் அதில் முக்கியமானவர். முதல் ஃபீனிக்ஸ் பெட்டி பேரலல் போர்ட்டில்தான் மாட்டப்பட்டது. போர்ட்டோடு பேசும் வேலையை லினக்ஸ் டிரைவர் ஒன்று பார்த்துக்கொண்டது. மாணவர்கள் பைத்தானில் சோதனைகளை எழுதினார்கள்.

பிறகு புதுக் கணினிகளிலிருந்து பேரலல் போர்ட்டே மறைய ஆரம்பித்தது. போர்ட் போனால் ஆய்வுக்கூடமும் போய்விடுமா?

போகவில்லை. அடுத்து வந்த பெட்டிகளுக்குள்ளேயே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வைத்தார்கள். கம்பிகளில் மின்னழுத்தத்தை ஏற்றுவது, அளப்பது எல்லாம் அதன் பொறுப்பு. கணினி கட்டளையை அனுப்பி விடையை வாங்கினால் போதும். அதற்கு முகவரி எண் எதுவும் தெரியவேண்டாம். அப்படி வளர்ந்ததுதான் எக்ஸ்பைஸ் என்ற யுஎஸ்பி கருவி. லினக்ஸிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும். அதன் வடிவமைப்பும் நிரலும் எல்லாருக்கும் திறந்தவை.

நீங்கள் மைக்ரோபிட்டிலோ ஆர்டுயினோவிலோ நிரல் எழுதுகிறீர்களா? எழுதியதை ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்த ஒரு கருவிக்கு மட்டுமே பொருந்தும் எண்கள் ஓரிடத்தில் இருக்கின்றனவா, ஐம்பது இடங்களில் சிதறிக் கிடக்கின்றனவா? ஓரிடத்தில் இருந்தால், கருவி பழசானாலும் உங்கள் வேலை வீணாகாது.