திருச்செந்தூர் பஸ்ஸும் ஆதிச்சநல்லூரும்

மக்களே, ஆன்சைட் போனப்போ வில்ட்ஷயர்ல ஸ்டோன்ஹெஞ்சைப் பார்க்க டிக்கெட் எடுத்து வரிசையில நின்னவன் நான். பாளையங்கோட்டைக்காரன், ஆனா திருச்செந்தூர் பஸ்ல ஆதிச்சநல்லூரைத் தூங்கிக்கிட்டேதான் தாண்டியிருக்கேன். போன லீவுலதான் முதல்தடவை இறங்கினேன். வெட்கக்கேடு :-)

தாமிரபரணியின் தென்கரையில ஒரு பரம்பு. பார்த்தா ஒண்ணுமே தெரியாது, ஆனா உள்ளே பூரா முதுமக்கள் தாழிகள். 1876-ல் ஜாகோர்ங்கிற ஜெர்மன்காரர் தோண்டினார். கிடைச்சது பெர்லினுக்குப் போச்சு. 1899-லிருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், இரும்பு வாள், வெண்கலச் சாமான்னு அள்ள அள்ள வந்திருக்கு. அதெல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு. ஊருக்கு மிஞ்சினது மேடுதான்.

அப்புறம் 2004-05-ல் மத்திய தொல்லியல் துறை தோண்டி, நூத்துக்கும் மேல தாழிகளை எடுத்தாங்க. 2023-ல்தான் ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. தோண்டின குழி மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை இருந்த இடத்துலயே காட்டுறாங்க. அதுல நின்னு குனிஞ்சு பார்த்தேன். ஏதோ ஒரு பாட்டன் மேல ஏறி நிக்கிற மாதிரி கால் கூசுச்சு. சட்டுன்னு ஓரமா தள்ளி நின்னுக்கிட்டேன்.

நெல்லை பக்கம் வந்தீங்கன்னா அல்வாவோட நிறுத்திக்காம திருச்செந்தூர் பஸ்ல ஏறுங்க. அதே ரோட்டுலதான் கிருஷ்ணாபுரம் கோயிலும். அந்தச் சிற்பங்களுக்குத் தனிப்பதிவே போடணும்.