கயிறு எட்டாத மணி

சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்று தொங்கியது என்பதும், கன்றை இழந்த பசு அதன் கயிற்றை இழுத்து நீதி பெற்றது என்பதும் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியும் தன் ஊரின் பெருமையைச் சொல்லும்போது அந்தப் பசுவை நினைவுகூர்கிறாள். ஆனால், அதே காப்பியத்தில் கோவலனுக்கு நேர்ந்தது என்ன? பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காமலேயே அவனை வெட்டி வீழ்த்தினர். அவனுக்காக அரசவை வரை சென்று ஒரு சொல் சொல்ல மதுரை மாநகரில் ஒருவரும் இல்லை. கண்ணகி வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது.

நீதி வழங்கும் இடம் இருப்பது ஒன்று. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைக்க எடுத்த முயற்சிகளின் வரலாறே இலவசச் சட்ட உதவியின் வரலாறு. அந்த வரலாற்றில், இன்னும் கறுப்பு அங்கி அணியாத சட்ட மாணவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அது சிறிய இடந்தான், எனினும் மறக்கத்தக்கதன்று.

வறுமைக்குச் சான்று கேட்ட சட்டம்

ஏழைக்காக இலவசமாக வாதாடுவது அறச்செயல் என்ற எண்ணம் பழமையானது. 13ஆம் நூற்றாண்டில் பிரெட்டனியில் வாழ்ந்த புனித ஈவோ, சட்டம் கற்று, ஏழைகளின் வழக்குகளைக் கூலி வாங்காமல் எடுத்து நடத்தியதாலேயே பின்னாளில் வழக்கறிஞர்களின் பாதுகாவலராகப் போற்றப்பட்டார். இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1495இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வறியவர்கள் கட்டணமின்றி வழக்குத் தொடுக்கவும், நீதிமன்றமே அவர்களுக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தரவும் வழி செய்தது.

அந்த மரபின் வழியே இந்தியாவுக்கும் ஓர் ஏற்பாடு வந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வறியோர் வழக்குக்கென ஒரு பகுதியே உண்டு. நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாத ஒருவர் அதற்கு விலக்குக் கோரலாம். ஆனால், கட்டணம் எதுவும் விதிக்கப்படாத வழக்குகளில், உடுத்திய துணியும் வழக்குக்குரிய பொருளும் நீங்கலாக 100 ரூபாய்ப் பெறுமானமுள்ள சொத்தும் தமக்கு இல்லை என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உதவி கேட்டு வருபவரின் முதல் வேலை, தாம் ஒன்றுமில்லாதவர் என்பதைப் பலரறிய நிலைநாட்டுவதாக இருந்தது. அவரைக் குறிக்க அச்சட்டம் ஆண்ட 'பாப்பர்' என்ற இழிசொல் 1976இல்தான் நீக்கப்பட்டது.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கேட்பவருக்கே அவை கிடைத்தன. கேட்கத் தெரியாதவருக்கும், கேட்க முடியாத இடத்தில் அடைபட்டிருந்தவருக்கும் அவற்றால் ஒரு பயனும் இல்லை.

மருந்தகம் போல ஒரு சட்டச்சாலை

மருத்துவம் கற்கும் மாணவர் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்கிறார். சட்டம் கற்கும் மாணவரோ நெடுங்காலம் நூல்களிலிருந்து மட்டுமே கற்றுவந்தார். இந்த முரணை முதலில் உணர்ந்தவர்களுள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்களும் அடங்குவர். ஏழைகளுக்குச் சட்ட ஆலோசனை வழங்க 1893இல் அவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினர். இலவச மருந்தகத்தைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராகவும் சூட்டினர். 1913இல் ஹார்வர்டு மாணவர்கள் தங்கள் சட்ட உதவிக் கழகத்தை நிறுவினர். மருத்துவக் கல்லூரிகளைப் போலச் சட்டக் கல்லூரிகளும் ஏன் இருக்கக்கூடாது என்று ஜெரோம் பிராங்க் என்ற சட்ட அறிஞர் 1933இல் கட்டுரை எழுதி வினவினார்.

இந்தியாவில் இந்தக் கேள்வி சற்றுக் காலந்தாழ்த்தி வந்தது. ஆனால் அழுத்தமாக வந்தது. குஜராத்தில் நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான குழு 1971இல் சட்ட உதவி பற்றிய தன் அறிக்கையை அளித்தது. அடுத்து, நடுவண் அரசு அமைத்த குழுவுக்கு வி.ஆர். கிருஷ்ண ஐயர் தலைமை ஏற்றார். சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று, தலச்சேரியில் வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கியவர் அவர். 1948இல் சில வாரங்கள் சிறையிலும் இருந்தவர். 1957இல் கேரளத்தின் சட்ட அமைச்சரானவர். சிறையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அறிந்த அவருடைய குழு 1973இல் தந்த அறிக்கை, சட்டக் கல்லூரிகளிலேயே உதவி மையங்கள் அமைத்து மாணவர்களை ஏழைகளின் பணியில் ஈடுபடுத்த வேண்டும் என வலியுறுத்தியது.

1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்புச் சட்டத்தில் 39அ என்னும் பிரிவு இடம்பெற்றது. பொருள் வசதியின்மையால் எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பதும், அதற்காக இலவசச் சட்ட உதவியை அரசு வழங்க வேண்டும் என்பதும் அதன் சாரம். ஏட்டில் உரிமை பிறந்துவிட்டது. ஆனால் சிறைகளின் நிலை என்ன?

கேட்கவில்லை, ஆகவே கொடுக்கவில்லை

1979 சனவரியில், தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினர் கே.எஃப். ருஸ்தம்ஜி, பீகார்ச் சிறைகளின் விசாரணைக் கைதிகளைப் பற்றி நாளிதழில் எழுதினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் சில மாதத் தண்டனையே பெற்றிருக்கக்கூடியவர்கள், வழக்கே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். அதைப் படித்த புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உசைனாரா காத்தூன் என்ற கைதியின் பெயரால் இன்றும் அறியப்படும் அவ்வழக்கில், வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற கைதிக்கு இலவச உதவி கிடைப்பது வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று அவ்வாண்டே தீர்ப்பு வந்தது.

அடுத்த ஆண்டே பாகல்பூர்க் கொடுமை வெளிப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோரின் கண்களைக் காவலர் பறித்த அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது மற்றோர் உண்மையும் தெரியவந்தது. அவர்கள் நடுவர் முன்னிலையில் நிறுத்தப்பட்டபோது சட்ட உதவி எதுவும் தரப்படவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது! தன்னிடம் பணமில்லை என்று அரசும் சொல்லிப் பார்த்தது. 1980 திசம்பரில் நீதிபதி பகவதி இரண்டையும் ஏற்க மறுத்தார். இப்படி ஓர் உரிமை உண்டு என்பதைக் கைதிக்கு எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்று ஆணையிட்டார்.

ஆணை வந்தும் வழக்கம் மாற நாளாயிற்று. அருணாசலப் பிரதேசத்தில் சுக்தாஸ் என்பவர் வழக்கறிஞர் இன்றியே விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். உதவி உண்டு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் 1986இல் அத்தண்டனையையே நீக்கியது. கேட்காதது ஏழையின் குற்றமன்று, சொல்லாதது அரசின் குற்றம் என்பதே இந்தத் தீர்ப்புகளின் உட்பொருள்.

ஒரு மாணவரின் கடிதம்

அப்படியானால் யார் போய்ச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தவை, அக்காலத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சில கடிதங்கள்.

ஆக்ராவில் பெண்களுக்கென அரசு நடத்திய காப்பகம் ஒன்றின் அவல நிலையைப் பற்றி, தில்லிப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர்களான உபேந்திர பக்ஷியும் லோதிகா சர்க்காரும் 1981இல் கடிதம் எழுதினர். அதையே நீதிமன்றம் ரிட் மனுவாக ஏற்றது. ஆய்வாளர் வசுதா தகம்வார் எழுதிய கடிதமோ, பீகாரின் பாக்கூர்க் கிளைச்சிறையில் 1972 முதல் விசாரணை முடியாமல் கிடந்த பழங்குடி இளைஞர் நால்வரின் நிலையை வெளிக்கொணர்ந்தது. இம்மூவரும், மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் வழக்குத் தீர்ப்பை எதிர்த்து 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதிய நால்வருள் அடங்குவர். வகுப்பறையில் தீர்ப்புகளை விளக்குவதோடு தம் கடமை முடிந்தது என்று கருதாத ஆசிரியர்கள் அவர்கள்.

ஆசிரியர் நடக்கும் வழியில் மாணவரும் நடப்பது இயல்பே. தில்லிச் சட்டப்புலத்தில் மூன்றாம் ஆண்டு பயின்ற ஒரு மாணவரும் சமூக ஊழியர் ஒருவரும், தில்லியிலிருந்த பெண்கள் இல்லமொன்றில் வாழ்ந்தோரின் உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினர். அதுவும் ரிட் மனுவாக ஏற்கப்பட்டது. 1981 திசம்பர் 30ஆம் நாள் வழங்கப்பட்ட எஸ்.பி. குப்தா வழக்குத் தீர்ப்பு, பொதுநல வழக்குகளின் அடிப்படை ஆவணமாக மதிக்கப்படுவது. யார் எவருக்காக நீதிமன்றத்தை அணுகலாம் என்பதை அதில் விளக்கும் நீதிபதி பகவதி, இந்த மாணவரின் கடிதத்தையும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார்.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி, பதிவு பெற்ற வழக்கறிஞரே நீதிமன்றத்தில் வழக்கு நடத்தத் தகுதி உடையவர். அந்த மாணவர் உள்ளூர் நீதிமன்றத்தில் ஒரு சிறு வழக்கைக்கூட வாதாடி நடத்தியிருக்க முடியாது. ஆனால் அவர் எழுதிய கடிதம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் திறந்தது. அவருக்கு வாய்த்தவை புலமையோ வாதத்திறனோ அல்ல. உள்ளே அடைபட்டோரின் துயர் அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே எங்கே சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. மணியின் கயிற்றைப் பிடித்து, எட்டாதவர் கைவரை நீட்டினார். அவ்வளவே.

1983இல் செய்தியாளர் ஷீலா பார்சேயின் வழக்கிலும் இதே உண்மை விளங்கியது. பம்பாய்ச் சிறையில் அவர் கண்டு பேசிய 15 பெண்களுள் ஐவர், காவல் நிலையத்தில் தாம் தாக்கப்பட்டதாகக் கூறினர். நீதிமன்றம் அதை ஆராயச் சொன்னது வழக்கறிஞரிடம் அன்று. நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியின் இயக்குநரிடம். துன்புறுவோர் பேசும் மொழியைக் கேட்கத் தெரிந்தவரே முதலில் தேவை என்பதை நீதிமன்றமும் உணர்ந்திருந்தது.

விருப்பம் விதியான பின்

தாமாக முன்வந்து செய்தது பின்னர்ச் சட்டமாயிற்று. 1987இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டக் கல்லூரிகளில் உதவி மையங்கள் அமைவதை ஊக்குவித்து நெறிப்படுத்துவதும் தேசிய ஆணைக்குழுவின் பணிகளுள் ஒன்று என அது வகுத்தது. 1997இல் இந்திய வழக்கறிஞர் குழுமம் சட்ட உதவிப் பணியைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. அக்குழுமத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் எனக் கட்டாயமாக்கின.

இது மகிழத்தக்க வளர்ச்சியே. எனினும், விரும்பிச் செய்த தொண்டு மதிப்பெண்ணுக்குரிய பாடமாக மாறும்போது ஓர் ஆபத்தும் உடன் வருகிறது. சிற்றூருக்கு ஒருநாள் போய், பந்தலில் சொற்பொழிவு ஆற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு முகாம் முடிந்துவிடலாம். பெயர்ப்பலகையோடு மையமும் நின்றுவிடலாம். நம்பிக்கையோடு தன் பத்திரத்தை எடுத்துக் காட்டிய முதியவள் அடுத்த வாரமும் அந்த மாணவரை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பாள். அவர் வராமற்போனால், முன்பு இருந்ததைவிடவும் சட்டம் அவளுக்குத் தொலைவாகிவிடும். தொடர்ந்து செல்ல முடியாத உதவியைத் தொடங்காமலிருப்பதே நன்று.

செய்வதற்கு வேலை இல்லாமல் இல்லை. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவின்படி, உயர்ந்தபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைச் சிறையில் கழித்துவிட்ட விசாரணைக் கைதியும், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரும் பிணையில் விடுதலை பெற வழியுண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் போன்ற சில விலக்குகளும் உண்டு. கைதான நாள் எது, குற்றப்பிரிவு எது, வேறு வழக்குகள் உண்டா, இன்றோடு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்துக் கணக்கிட்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எடுத்துச் சொல்லப் பெரும் வாதத்திறன் வேண்டாம். பொறுமையும் ஒரு குறிப்பேடும் போதும். சிறைக் கண்காணிப்பாளருக்கும் இதில் கடமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கணக்குப் பார்க்க இன்னொரு கண் இருப்பது கைதிக்கு எப்போதும் நல்லது.

நீதிமன்றத்தில் பேச உரிமை பெறாத அந்தச் சில ஆண்டுகளைச் சட்ட மாணவர்கள் காத்திருக்கும் காலமாக எண்ண வேண்டியதில்லை. பிறர் பேசுவதைக் கேட்கப் பழகும் காலம் அது. பின்னாளில் அங்கி அணிந்து நிற்கும்போது, கட்சிக்காரர் சொல்லத் தயங்கி விழுங்கும் சொல்லையும் அவர்களால் கேட்க முடியும். தில்லி மாணவர் கடிதம் எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இன்னும் எத்தனையோ இல்லங்களிலும் சிறைகளிலும், தமக்கு உரிமை உண்டு என்பதே அறியாமல் மக்கள் இருக்கின்றனர். அவர்களைத் தேடி யாரேனும் ஒருவர் போயாக வேண்டும்.