எச்சம்: ஹாலிவுட் எழுத்தாளர் சங்க ஒப்பந்தங்களும் இணையமும்

1

ஆசிரியனின் மரணம் பற்றித் தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் பேசித் தீர்த்துவிட்டன. பார்த் 1967இல் எழுதியதும் ஃபூக்கோ 1969இல் உரையாற்றியதும் தமிழுக்கு வந்து, ஏற்றும் வைதும் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அந்த விவாதத்தில் அதிகம் தொடப்படாத ஓர் இடம் உண்டு. செத்துப்போன ஆசிரியனின் பிரதி தொடர்ந்து சம்பாதித்துக்கொண்டிருக்கிறதே, அந்தக் காசு யாருக்குப் போகிறது? கேட்கக் கொஞ்சம் கொச்சையான கேள்விதான். ஆனால் பிரதிக்கும் மூலதனத்துக்கும் உள்ள உறவு இந்தக் கொச்சையான இடத்தில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. நான் தமிழ் முதுகலை படித்தவன், சட்டம் படித்தவனல்ல. எனவே அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் மூன்றாண்டுக்கொரு முறை ஸ்டூடியோக்களோடு போடும் ஒப்பந்தத்தை, உரை எழுத வேண்டிய ஒரு பழைய நூலைப்போல, சொல் சொல்லாகத்தான் வாசிக்க முடிகிறது. அப்படி வாசிப்பதற்கு அதில் நிறையவே இருக்கிறது.

முதலில் ஒரு வினோதம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலிக்கு எழுதப்பட்ட திரைக்கதையின் ஆசிரியர் அதை எழுதியவர் அல்ல; எழுதச் சொன்ன கம்பெனி. உரிமையை எழுத்தாளர் விற்கிறார், கம்பெனி வாங்குகிறது என்பதுகூட இல்லை. தொடக்கத்திலிருந்தே ஆசிரியர் என்ற ஸ்தானத்தில் கம்பெனிதான் உட்கார்ந்திருக்கிறது. பார்த் கொல்வதற்கு முன்பே ஹாலிவுட்டில் ஆசிரியன் ஒரு ஷரத்தில் இறந்துபோயிருந்தான் எனலாம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. திரை எழுத்தாளர்கள் 1933இல் சங்கம் கட்டினார்கள். தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த வாக்னர் சட்டம் 1935இல் வந்தது. அப்போது ஸ்டூடியோக்கள் என்ன வாதிட்டன தெரியுமா? எழுத்தாளர்கள் கலைஞர்கள், சுதந்திரப் படைப்பாளிகள், தொழிலாளிகளே அல்ல. ஆகவே அவர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடையாது என்று! பதிப்புரிமைக்கு வரும்போது 'நீ என் கூலிக்காரன்', கூலிக்கு வரும்போது 'நீ ஒரு கலைஞன்'. 1938இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இந்த வாதத்தைத் தள்ளி, எழுத்தாளர்களும் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. நியூயார்க்கின் நாடக ஆசிரியர்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அவர்கள் தங்கள் நாடகத்தின் பதிப்புரிமையை வைத்துக்கொண்டார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் ஊழியர்கள் அல்லாததால் அவர்களுடைய அமைப்பால் ஒரு தொழிற்சங்கமாக நின்று பேரம் பேச முடியவில்லை. திரை எழுத்தாளன் ஆசிரியன் என்ற பெயரை இழந்தான், தொழிலாளி என்ற பெயரைப் பெற்றான். இந்த நஷ்டத்திலிருந்துதான் பின்னால் வந்த பேரம் முழுவதும் புறப்படுகிறது.

2

படைப்பு மறுபடி மறுபடி பயன்படும்போது எழுதியவருக்குச் சேரும் தொகைக்கு அவர்கள் வைத்த பெயர் ரெசிடியுவல். தமிழில் இதை 'எச்சம்' என்றே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இலக்கணத்தில் எச்சம் என்பது முற்றுப்பெறாத சொல், முடிக்கும் சொல்லை எதிர்பார்த்து நிற்பது. இந்தப் பணமும் அப்படித்தான். வேலை முடிந்தது, சம்பளம் கொடுத்தாயிற்று, கணக்கு முற்றுப்பெற்றது என்று முதலாளி சொல்கிறார். இல்லை, படம் ஓடிக்கொண்டிருக்கும்வரை கணக்கு எச்சமாகவே நிற்கிறது என்கிறது சங்கம். எண்பது ஆண்டு வரலாறே இந்த இலக்கணத் தகராறுதான்.

ஒவ்வொரு புது எந்திரமும் வரும்போது ஒரே கதையாடல் திரும்ப நடக்கிறது. முதலில் தொலைக்காட்சி. தியேட்டருக்காக எடுத்த படங்களை ஸ்டூடியோக்கள் டி.வி.க்கு விற்கத் தொடங்கின. எழுதியவருக்கு ஒன்றும் வரவில்லை. 1960 ஜனவரி 16 முதல் ஜூன் 12 வரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே வசந்தத்தில் நடிகர்களும் இறங்கினார்கள். அப்போது நடிகர் சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன் என்பதை ஒரு வேடிக்கையாகக் குறித்துக்கொள்ளலாம். 1960க்குப் பிறகான படங்களுக்குப் பங்கு கிடைத்தது. அதற்கு முந்தைய படங்களைக் கைவிட்டு, பதிலாக ஓய்வூதியம், மருத்துவ நிதிகளுக்கு ஒரு தொகையைப் பெற்றார்கள். பேசும்படத்தின் முதல் முப்பதாண்டு எழுத்து முழுவதும் அந்த ஒரு பேரத்தில் போயிற்று.

அடுத்தது வீடியோ கேசட். இங்குதான் பின்னால் இணையம்வரை துரத்திய ஒரு சூத்திரம் பிறக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கேசட் புதுத் தொழில், தயாரிப்புச் செலவு அதிகம், எனவே வரும் பணத்தில் 80 சதவீதத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்றன கம்பெனிகள். 1985இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்குள் பிளவு, இரண்டே வாரத்தில் முடிந்துபோயிற்று. கம்பெனி கணக்கே நின்றது. விநியோகஸ்தருக்கு 100 டாலர் வந்தால் 20 டாலர்தான் கணக்கு. அதில் முதல் பத்து லட்சம் டாலர்வரை 1.5 சதவீதம், அதற்கு மேல் 1.8. அதாவது நூறு டாலருக்கு 30 சென்ட், இல்லாவிட்டால் 36 சென்ட். 1997இல் டி.வி.டி. வந்தது. வட்டு தயாரிக்கும் செலவு சரிந்தது, சூத்திரம் சரியவில்லை. ஒரு டி.வி.டி.க்கு எழுத்தாளருக்கு நான்கைந்து சென்ட் என்பது பழமொழி மாதிரி ஆயிற்று. செலவு போய்விட்டது, செலவு என்ற சொல் மட்டும் ஷரத்தில் தங்கிவிட்டது. கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

3

இணையம் ஒப்பந்தத்துக்குள் நுழைந்தது பின்வாசல் வழியாக. 2001இல் ஒரு பக்கக் கடிதம்: காசு கட்டி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இணையத்தில் படம் பார்த்தால் உரிமத் தொகையில் 1.2 சதவீதம். தரவிறக்கம் செய்து சொந்தமாக வைத்துக்கொண்டால்? அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்தப் 'பிறகு' 2005 அக்டோபரில் வந்தது. ஐடியூன்ஸ் கடையில் 'லாஸ்ட்' போன்ற தொடர்களின் அத்தியாயங்கள் 1.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தன. இதற்கு டி.வி.டி. சூத்திரம்தான் என்றன கம்பெனிகள். அந்த 1.99இல் ஸ்டூடியோ கைக்கு 1.40 வந்தது என்று வைத்துக்கொண்டால் எழுத்தாளர் பங்கு சுமார் அரை சென்ட். வட்டு இல்லை, பெட்டி இல்லை, லாரி இல்லை, கிடங்கு இல்லை. ஆனால் 80 சதவீதக் கழிவு மட்டும் இருக்கிறது!

இன்னொன்று, இணையத்துக்கென்றே எழுதப்பட்ட குட்டி அத்தியாயங்கள். 'தி ஆபீஸ்' தொடரின் எழுத்தாளர்கள் அப்படி எழுதியதற்குத் தனிக்கூலி கேட்டபோது, அது விளம்பரம் என்று பதில் வந்தது. விளம்பரத்துக்கு எச்சம் கிடையாது. ஒரு பிரதியைக் கதை என்பதா, விளம்பரம் என்பதா என்ற வகைமைப் பிரச்சினையை நாம் இலக்கியக் கூட்டங்களில் பேசுவோம். அங்கே அது சம்பளப் பிரச்சினை.

2007இல் சங்கம் கேட்டது விநியோகஸ்தர் வரவில் 2.5 சதவீதம். புது ஊடகம் பற்றி மூன்றாண்டு ஆய்வு செய்யலாம், பிறகு பேசலாம் என்றது தயாரிப்பாளர் கூட்டமைப்பு. போட்ட முதல் திரும்பிய பிறகே எச்சம் தருவோம் என்றும் ஒரு யோசனை வைத்து, பிறகு திரும்பப் பெற்றது. 'இப்போது தெரியாது' என்பது எழுத்தாளரிடம் சொல்லும் சொல்; முதலீட்டாளரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நவம்பர் 4 இரவு டி.வி.டி. பங்கை இரட்டிப்பாக்கும் கோரிக்கையைச் சங்கம் விட்டுக்கொடுத்தது. பயனில்லை. மறுநாள் தொடங்கிய வேலைநிறுத்தம் 100 நாள் நடந்து 2008 பிப்ரவரி 12இல் முடிந்தது.

கிடைத்தது என்ன? இணையத்துக்கென எழுதப்படுவதும் சங்கத்தின் எல்லைக்குள் வந்தது. என் கணிப்பில் இதுதான் பெரிய வெற்றி. ஆனால் நிமிடத்துக்கு 15,000 டாலருக்குக் கீழே செலவாகும் சிறு தயாரிப்புகளில், ஏற்கெனவே தொழில்முறை எழுத்தாளராக இருப்பவர் எழுதினால் மட்டுமே அந்த எல்லை. தரவிறக்க விற்பனையில் டி.வி. அத்தியாயம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் 0.70 சதவீதம், படம் 50,000ஐத் தாண்டினால் 0.65, அதுவரை பழைய 0.36தான். விளம்பரத்தோடு இலவசமாக ஓடும் அத்தியாயங்களுக்கு முதல் 17 நாள் எதுவும் கிடையாது. புதுத் தொடரின் முதல் சீசனுக்கு 24 நாள். ஒரு அத்தியாயத்தைச் சூட்டோடு சூடாகப் பார்ப்பது அந்த நாட்களில்தான் என்பது ஒப்பந்தம் எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன?

4

2013இல் நெட்ஃப்ளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் முழு சீசனையும் ஒரே நாளில் வெளியிட்டது. இதோடு பழைய எச்சத்தின் அடிப்படையே ஆட்டம் கண்டது. மறுஒளிபரப்பு என்றால் முதல் ஒளிபரப்பு என ஒன்று முடிந்திருக்க வேண்டும். இங்கே எதுவும் முடிவதில்லை, எல்லாம் எப்போதும் இருக்கிறது. ஆகவே பார்வைக்கும் பணத்துக்கும் தொடர்பில்லாத நிலையான தொகை வந்தது. பத்துப்பேர் பார்த்தாலும் பத்துக்கோடிப்பேர் பார்த்தாலும் அதே காசு. எத்தனை பேர் என்பது கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அறிவும் அதிகாரமும் என்று ஃபூக்கோ பேசியதை இங்கே ஒரு கணக்குப் புத்தகத்தில் பார்க்கலாம்.

கூலியும் உள்ளுக்குள் மாறியது. 22 அத்தியாயம் இருந்த சீசன் எட்டு, பத்தாகச் சுருங்கியது. வேலைக்காலமோ இழுத்துக்கொண்டே போனது. அத்தியாயக் கணக்கில் சம்பளம் வாங்கியவருக்கு வாரக்கூலி தேய்ந்தது. 2017 ஒப்பந்தம் ஓர் அத்தியாயச் சம்பளம் 2.4 வார வேலைக்கு மட்டுமே ஈடு என்று ஒரு கோடு போட்டது. போதவில்லை.

'சூட்ஸ்' என்ற பழைய தொடர் ஸ்ட்ரீமிங்கில் மறுவாழ்வு பெற்று, 2023இல் அமெரிக்காவில் மட்டும் 5,770 கோடி நிமிடங்கள் பார்க்கப்பட்டதாக நீல்சன் கணக்கிட்டது. முதல் சீசனின் எழுத்தாளர்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு காலாண்டில் வந்தது 3,000 டாலருக்கும் குறைவு என்று அவர்களில் ஒருவர் அந்த ஆண்டு பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு மே 2 முதல் 148 நாள் வேலைநிறுத்தம். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்தார்கள். இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் தெருவில் நின்றது 1960க்குப் பிறகு அதுவே முதல் முறை. முடிவில், பெருஞ்செலவுத் தொடரையோ படத்தையோ முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்குச் சமமான பார்வைகள் எட்டினால், நிலையான எச்சத்தில் பாதி கூடுதலாக உண்டு. ஒரு மணிநேர அத்தியாயத்துக்கு அது 16,415 டாலர் என்று சங்கம் உதாரணம் காட்டியது. மொத்தப் பார்வை மணிநேரத்தைக் கம்பெனி சங்கத்துக்குச் சொல்ல வேண்டும், ரகசியக் காப்போடு.

தொகையைவிட அந்தக் கடைசி வரி முக்கியம் என்பேன். கணக்கு கேட்கும் உரிமை வந்துவிட்டால் கூலி கேட்கும் வழி தானாகத் திறக்கும். ஆனால் 20 சதவீதம் என்பது வென்றவனுக்கு மட்டுமான பரிசு. பழைய எச்சம் சுமாராக ஓடிய தொடரின் எழுத்தாளருக்கும் வேலையில்லாத மாதங்களில் அரிசி வாங்கக் கொடுத்தது. அதனிடத்தில் சந்தையின் போட்டி விதி வந்து உட்கார்கிறது.

5

ஹாலிவுட்காரன் டாலரில் சண்டை போட்டால் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். சங்கத்தைப் புனிதமாக்க எனக்கும் ஆசையில்லை. 1947க்குப் பிறகு கறுப்புப் பட்டியல் வந்தபோது அது தன் உறுப்பினர்களைக் காக்கவில்லை. 2008இல் அனிமேஷன், ரியாலிட்டி நிகழ்ச்சி எழுத்தாளர்களைச் சேர்க்கும் கோரிக்கையைத்தான் பேரத்தில் கழற்றிவிட்டார்கள். மையம் தன்னைக் காத்துக்கொள்ளும்போது விளிம்பு விலையாகிறது. சங்கத்துக்குள்ளும் அதே கதைதான்.

இங்கே நிலைமை தலைகீழ். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், படத்தில் சேரும் இலக்கிய, இசைப் படைப்பின் ஆசிரியர் தியேட்டருக்கு வெளியிலான பயன்பாட்டில் தன் ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்கிறது. அமெரிக்கச் சட்டம் தராத ஒன்றை நம் சட்டம் தருகிறது. ஆனால் பேச்சு பாடல்களைச் சுற்றியே நடக்கிறது. கதை வசனம் எழுதுகிறவர் ஒருமுறைத் தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். அவர்களிடம் உரிமை இல்லை, சங்கம் இருந்தது. நம்மிடம் உரிமை ஏட்டில் இருக்கிறது, அதைக் கேட்டு 148 நாள் தெருவில் நிற்கும் கூட்டம் இல்லை.

2023 ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து: செயற்கை நுண்ணறிவு எழுத்தாளர் அல்ல, அது உண்டாக்குவது இலக்கியப் பொருள் அல்ல. நல்லதுதான். ஆனால் கம்பெனி ஆசிரியராகலாம், எந்திரம் ஆக முடியாது என்று சொல்லும் ஒரு பிரதியை எப்படி வாசிப்பது? 2026 மே 1 வரை என்று காலம் குறித்து எழுதப்பட்ட பிரதி அது. ஒவ்வொரு மூன்றாண்டும் சொற்களுக்கு மறுபடி பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பொருளை எந்த அகராதியும் தந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அது மறியல் வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்திருக்கிறது.