கேள்வி கேட்ட ஊர்

1974-ல் வட இத்தாலியின் தேசெரோ என்ற மலையூரின் நகராட்சி ஒரு கேள்வி கேட்டது. ஊருக்கு மேலே, ஸ்தாவா பள்ளத்தாக்கின் சரிவில், பிரெஸ்தாவெல் சுரங்கத்தின் கழிவைத் தேக்கும் இரண்டு குளங்கள் இருக்கின்றனவே, அவற்றின் கரைகள் பத்திரமானவையா? கேட்டது சரியான இடத்தில்தான்: சுரங்கங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில். பதிலும் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அதன் சாரம். 11 ஆண்டுகள் கழித்து, 1985 ஜூலை 19 அன்று, மதியம் 12 மணி 22 நிமிடத்துக்கு மேல்கரை உடைந்தது. 268 பேர் இறந்தார்கள்.

பேரழிவுகளைப் பற்றிப் படிக்கும்போது "ஒருத்தருக்குமா தோணல?" என்று கேட்போம் இல்லையா? இங்கே தோன்றியது. கேட்கவும் செய்தார்கள். அந்தக் கேள்விக்கு நடுவில் என்ன ஆனது என்பதுதான் இந்த வரலாறு.

முதலில் அந்தக் குளம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பிரெஸ்தாவெலில் தோண்டியது ஃப்ளோரைட் என்ற கனிமம். பாறையை மாவாக அரைத்து, தண்ணீரும் ரசாயனமும் கலந்து நுரைக்க விட்டால், வேண்டிய கனிமம் நுரையோடு மேலே வரும். மிச்சமெல்லாம் மணலும் நுண்சேறும் கலந்த கூழ். அதைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் குளத்தில் கொட்டுவார்கள். சேறு அடியில் படியும். தெளிந்த நீர் இன்னொரு குழாய் வழியாக வெளியே போகும்.

நம் ஊர் ஏரிக்கரைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏரிக்கரையை மண் கொண்டுவந்து, இறுக்கி, ஒருமுறை கட்டி முடிப்பார்கள். கழிவுக் குளத்தின் கரையோ பெரும்பாலும் அந்தக் கழிவின் மணலாலேயே எழும்பும். குளம் நிரம்ப நிரம்பக் கரையையும் உயர்த்திக்கொண்டே போவார்கள். செலவு குறைந்த முறையில், புதிய அடுக்கு பழைய சேற்றின் மேலேயே உட்காரும். அந்தச் சேறு லேசில் காயாது. கடற்கரையில் ஈர மணலில் ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் கொழகொழவென்று ஆகும். தானியங்களுக்கு நடுவே மாட்டிய நீர் வெளியேற முடியாமல் பாரத்தைத் தான் தாங்க ஆரம்பித்தால், மண் தன் பலத்தை இழந்துவிடும். கரை உடைவது என்றால் இங்கே ஓட்டை விழுவதல்ல. கரையே திரவமாகிவிடும்.

ஸ்தாவாவில் கீழ்க்குளத்தை 1961-ல் தொடங்கினார்கள், மேல்குளத்தை 1969-ல். இரண்டும் நெருக்கமாக இருந்ததால், மேல்கரை வளர வளர அதன் அடிப்பகுதி கீழ்க்குளத்தின் இளகிய சேற்றின் மேல் ஏறி நின்றது. சரிவோ செங்குத்து, ஏறக்குறைய 40 பாகை. 1985-ல் அதன் உயரம் 34 மீட்டர், கிட்டத்தட்டப் பத்து மாடி. ஆனால் ஒரே நாளில் யாரும் பத்து மாடிக் கரையைக் கட்டவில்லை. திறப்பு விழா கிடையாது, கல்வெட்டு கிடையாது. தினமும் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். மென்பொருளில் இதை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். சின்னச் சின்ன மாற்றமாகச் சேர்ந்து வளர்ந்த ஒன்றை முழுசாகப் பரிசோதிக்கும் நாள் என்று ஒன்று வரவே வராது.

தேசெரோவின் கேள்வியால் அப்படி ஒரு நாள் வந்தது. ஆனால் அரசு அலுவலகம் தானே இறங்கிப் பார்க்கவில்லை. சோதிக்கும் வேலையைச் சுரங்க நிறுவனத்திடமே விட்டது. அந்தச் சோதனையில்கூட உண்மை தெரிந்தது: கரையின் சரிவு வழக்கத்தை மீறியது, நிலைத்தன்மை விளிம்பில் இருக்கிறது. "விளிம்பில்" என்ற அந்தச் சொல் ஊருக்கு வந்து சேர்வதற்குள் "பரவாயில்லை" ஆகிவிட்டது. அதற்கப்புறமும் கரை வளர்ந்தது, சரிவை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பயணம் புதிதல்ல. கீழே மஞ்சளாகக் கிளம்பும் அறிக்கை, ஒவ்வொரு மேசையாக ஏறி, கடைசியில் பச்சையாகப் போய்ச் சேரும். பொய் சொன்னது யார் என்று கேட்டால் ஒருவரையும் காட்ட முடியாது.

1985 ஜனவரியில் மேல்கரையின் ஒரு பகுதி சரிந்து நீர் கசிந்தது. மே மாதம் கீழ்க்குளத்தின் வடிகுழாய் உடைந்து பள்ளம் விழுந்தது. பழுதுபார்க்கக் குளங்களிலிருந்து நீரை இறக்கினார்கள். குழாய் சரியானது. ஜூலை 15 அன்று வழக்கமான வேலை மீண்டும் தொடங்கியது. நான்கே நாள் தாங்கியது.

மேல்கரை கீழ்க்கரையின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,80,000 கன மீட்டர் சேறாக இறங்கின. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். கோடை விடுமுறைக் காலம், மதிய உணவு நேரம். 3 ஓட்டல்கள், 53 வீடுகள், 8 பாலங்கள் போயின. நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை மிகச் சில நிமிடங்களில் கடந்து அவீசியோ ஆற்றில் கலந்தது அந்தச் சேறு. இறந்தவர்களில் குழந்தைகளும் பதின்வயதினரும் மட்டும் 59 பேர்.

விசாரணைக் குழுவின் முடிவு கடுமையானது. மேல்கரை விழுந்ததற்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை, அதன் சமநிலையில் எந்தச் சின்ன மாற்றம் வந்தாலும் விழுந்திருக்கும் என்றது. 1992-ல் முடிந்த வழக்கில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அவர்களில் சுரங்கத்தை நடத்தியவர்களும் உண்டு, கண்காணிக்க வேண்டிய அலுவலகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. கேள்வியைச் சரியான கைக்கு அனுப்பாததும் குற்றம்தான் என்று அந்தத் தீர்ப்பை நான் வாசிக்கிறேன்.

இதே வடகிழக்கு இத்தாலியில்தான் 1963-ல் வயோந்த் அணை நீர்த்தேக்கத்துக்குள் மலை சரிந்து ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அது 262 மீட்டர் அணை. பார்த்தாலே பயம் வரும். ஸ்தாவா கரை தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மண்மேடு. பயம் வராத அளவுக்குச் சின்னதாக இருந்ததே அதன் ஆபத்து.

2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாதினியோவில் ஒரு கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதுவும் சேற்றின் மேல் சேறாக உயர்ந்ததுதான். சில மாதங்களுக்கு முன்புதான் அது நிலையானது என்று சான்றிதழ் வாங்கியிருந்தது. சான்றளித்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது சுரங்க நிறுவனம். தேசெரோ கேட்ட கேள்வி இன்றும் சரியான கேள்விதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: போய்ப் பார்த்தவர் யார், அவர் கைப்பட எழுதியதை எங்களுக்குக் காட்ட முடியுமா?