குருவிக்கு எப்படி வந்தது ஆறுமணி?

நம் பறவைப் பெயர்களில் பல கண்ணால் கண்டதைச் சொல்பவை: செங்கால் நாரை, கரிச்சான், மரங்கொத்தி. சில காதால் கேட்டதைச் சொல்பவை: காகம், அக்காக்குயில். கடிகாரத்தைப் பார்த்து வைத்தது போன்ற பெயர் அரிது. தூத்துக்குடி, நெல்லை உள்ளிட்ட தென்கோடி மாவட்டங்களில் அப்படி ஒரு பெயர் வழங்குகிறது: ஆறுமணிக்குருவி. இலங்கைத் தமிழரும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பறவை நூல்களில் இது தோட்டக்கள்ளன் என்றும் இந்தியப் பிட்டா என்றும் வரும். மைனாவைவிடச் சற்றுச் சிறியது, வால் குட்டை. பச்சை முதுகு, சிறகில் பளிச்சென்ற நீலம், வெளிர்மஞ்சள் மார்பு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறம் இருந்தும் எளிதில் கண்ணில் படாது. புதருக்கடியில் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் கோடையில் கூடு கட்டிவிட்டு, வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தெற்கே வரும். பொதிகை மலைக்காட்டிலும் கரையோரப் புதர்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தங்கிவிட்டு, ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். தங்கும் மாதங்களில் விடியக்கருக்கலிலும் அந்திக்கருக்கலிலும் இரண்டு சுரத்தில் சீட்டி அடிக்கும். ஒன்று தொடங்கினால் அக்கம்பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்துகொள்ளும்.

பெயரில் மூன்று சொற்கள். குருவி என்பது சிறு பறவைக்கெல்லாம் பொது. ஆறு வெறும் எண். வரலாறு முழுவதும் நடுவிலிருக்கும் ‘மணி’யில் இருக்கிறது.

சங்கப் பாடல்களிலேயே மணிக்குப் பல முகம். மயில் கழுத்தின் நீலத்துக்கு உவமையாவதும் மணி, யானையின் பக்கத்தில் தொங்கி ஒலிப்பதும் மணி. உருண்டையாக, கோக்கவோ தொங்கவிடவோ தக்கதாக இருப்பது என்ற பொதுத்தன்மை இந்த இரண்டையும் இணைத்திருக்க வேண்டும். கண்மணி, நெல்மணி என்று உருண்டையான பிறவற்றுக்கும் அது பரவியது. சிலப்பதிகாரம் சொல்லும் சோழன் வாயிலில் பசு அசைத்தது ஒலிக்கும் மணி. பாண்டிய அரசன் கழுத்தில் கிடந்தது கோக்கும் மணி: பாண்டிய நாட்டுக் கரைக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, 104 முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த மாலையை மன்னன் அணிந்து, அவற்றைத் தொட்டெண்ணி வேண்டுதல் சொன்னதாக எழுதியிருக்கிறார்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து, 1530களில் இந்தக் கரையின் மீனவரான பரதவர் கிறித்தவம் தழுவியபோது இரண்டு மணிகளும் ஒரே கோயிலுக்குள் வந்து சேர்ந்தன. விரலில் உருள்வது செபமாலையின் மணி, கோபுரத்தில் அடிப்பது ஆலய மணி. காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை அடிக்கும் மணியைக் கரையோரக் கத்தோலிக்கர் ‘திருந்தாதி மணி’ என்பார்கள். திரித்துவத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் தமிழ் நாக்கில் அப்படி ஆயிற்று. அதில் முதலும் கடைசியும் ஆறுமணிக்கு அடிப்பது வழக்கம். குருவியின் பெயர் இதிலிருந்துதான் பிறந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் கைக்கடிகாரம் இல்லாத மீனவக் குடிசைக்கும் ஆறு என்ற நேரம் காதில் விழுந்துகொண்டிருந்தது இப்படித்தான்.

ஒலிக்கும் கருவியின் பெயர் நேரத்தின் பெயராவது தமிழில் மட்டும் நடந்ததல்ல. தெலுங்கில் ‘கண்ட’, இந்தியில் ‘கண்டா’ என்றால் மணியும் உண்டு, ஒரு மணி நேரமும் உண்டு. ஆங்கிலத்தின் ‘கிளாக்’ கூட மணியைக் குறித்த இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பார்க்கும் கடிகாரத்துக்கு முன்பு பல இடங்களில் இருந்தது கேட்கும் கடிகாரம்.

அதற்கும் முன்பு நமக்கு இருந்தது நாழிகை. நாளுக்கு 60, ஒவ்வொன்றும் 24 நிமிடம். நீர் வடியும் வட்டிலைப் பார்த்துப் பொழுது சொல்பவர்கள் முல்லைப்பாட்டிலேயே வருகிறார்கள். அந்தக் கணக்கில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். விடியலுக்கு எண்ணே கிடையாது, அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவோம். விடியலை ‘ஆறு’ என்று சொல்ல, நாள் நள்ளிரவில் பிறந்தாக வேண்டும். ஆகவே இந்தப் பெயர் ஐரோப்பியர் கொண்டுவந்த மணிக் கணக்கு ஊர் வழக்கில் ஊறிய பிறகே தோன்றியிருக்க முடியும். குருவி பழையது, பெயர் புதியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சொல்லில் மணி இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கடிகாரத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. வழியில் மணியாச்சி சந்திப்பு. ‘மணி ஆச்சு’ என்பதுதான் ஊர்ப்பெயரானது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் ரயிலுக்கு வெகுகாலம் முன்பே மணியாச்சி ஒரு பாளையம். குருவி விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. முன்னால் நிற்கும் ‘ஆறு’ சாட்சி சொல்கிறது.

இன்னொரு சாட்சி பூகோளம். தூத்துக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைக்குள் இருப்பதால் பகலின் நீளம் பெரிதாக மாறாது. குருவி தங்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உதயம் ஆறுக்கும் ஆறேமுக்காலுக்கும் இடையில், மறைவு ஆறுக்குச் சற்று முன்னிருந்து ஆறரைக்குள். எந்த நாளில் கேட்டாலும் ஏறத்தாழ ஆறுமணிதான். அதே குருவி கூடு கட்டும் இமய அடிவாரத்தில் ஜூன் மாதம் ஐந்தேகாலுக்கே விடிந்துவிடும், பொழுது சாய ஏழு தாண்டும். அங்கே இந்தப் பெயர் ஒட்டாது. இந்திக்காரர்கள் நிறத்தைப் பார்த்து ‘நவரங்’ என்றார்கள். குளிர்காலத்தில் தெற்கே, அந்திசந்தியில் காதில் விழும் பறவைக்குத்தான் ‘ஆறுமணி’ பொருந்தும்.

மற்றப் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவுக்கே வராத இயற்கையியலாளர் லின்னேயஸ் 1766இல் இதைக் காக்கை இனத்தில் சேர்த்து, குட்டைவால் என்று பொருள்படும், கிரேக்க வேர்கொண்ட அடைமொழி கொடுத்தார். பிறகு 1816இல் பறவையியலாளர் வியேயோ வகுத்த ‘பிட்டா’ என்ற பேரினத்துக்கு இது மாறியது. பிட்டா என்பது தெலுங்கில் சிறு பறவை என்று மட்டுமே பொருள் தரும் ‘பிட்ட’. சிங்களர் இதன் குரலையே பெயராக்கி ‘அவிச்சியா’ என்றார்கள். தன் அழகிய உடையை மயில் பறித்துக்கொண்டதென்று இது புலம்புவதாக அவர்களிடம் கதை உண்டு. தோட்டக்கள்ளன், ஒளிந்து திரியும் குணத்துக்கு வந்த பெயர்.

இவற்றில் எந்தப் பெயரும் இந்தப் பறவையை எங்கே, எப்போது, எப்படித் தேடுவது என்று ஒருசேரச் சொல்லவில்லை. ஆறுமணிக்குருவி மூன்றையும் சொல்கிறது: தெற்கே, கருக்கலில், காதால். பறவை ஏடுகளும் கையேடுகளும் ‘இந்தியப் பிட்டா’வை அடைப்புக்குறிக்குள் தள்ளி இதையே தலைப்புப் பெயராக அச்சிடுவதுதான் நியாயம்.