கூரைக்கு மேலே யாருடைய வானம்?

வானத்தின் வழியாக உலகத்தோடு பேச ஒருவருக்கு உரிமம் தருவது அரசாங்கம். அந்தப் பேச்சுக்கு வேண்டிய கம்பத்தைச் சொந்த வீட்டுக் கொல்லையில் நட்டுக்கொள்ள விடுவதும் தடுப்பதும் நகராட்சியும் பக்கத்து வீடும். அமெரிக்காவில் அமெச்சூர் வானொலியின் வரலாற்றை இவ்விரண்டு அனுமதிகளுக்கும் இடையிலான நெடிய இழுபறியாகவே வாசிக்க முடியும்.

'ஹாம்' என்று அழைக்கப்படும் இந்த ஆர்வலர்கள் தேர்வெழுதி, அழைப்புக்குறி பெற்று, ஊதியம் எதுவுமின்றி வானொலி அலைகளில் உரையாடுபவர்கள். 1912-ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம் அவர்களை 200 மீட்டருக்கு உட்பட்ட அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டது. தொலைதூரத் தொடர்புக்கு உதவாதவை என்று அன்று கருதப்பட்ட அலைகள் அவை. 1923 நவம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்தும் பிரான்சின் நீஸ் நகரத்திலிருந்தும் அமெச்சூர்கள் ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக்கைக் கடந்து இருவழியாகப் பேசிக்கொண்டார்கள். புறம்போக்கு என்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் பொன் விளைந்ததைப் போன்ற நிகழ்ச்சி அது. சிற்றலையின் ஆற்றல் அதன்பிறகே பெருநிறுவனங்களின் கண்ணில் பட்டது.

இந்த அலைகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எளிய ஆன்டெனாவான இருமுனைக் கம்பிக்கு அலைநீளத்தில் பாதியளவு நீளம் வேண்டும். 20 மீட்டர் அலைவரிசைக்குச் சுமார் 10 மீட்டர். 80 மீட்டருக்குச் சுமார் 40 மீட்டர். நீளம் மட்டும் போதாது. தரையிலிருந்து அரை அலைநீளமாவது உயர்ந்தால்தான் அலை தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டுத் தொலைநாடுகளை எட்டும். 70 அடிக் கோபுரம் என்றால் கேட்பவருக்குப் பேராசையாகப் படும். அது 20 மீட்டர் அலையின் ஒரே ஒரு நீளம்தான். கம்பத்தின் உயரத்தை நிர்ணயிப்பது இயற்பியல். நகராட்சியின் கட்டட விதிகளை எழுதியவர்களுக்கு இயற்பியல் ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தபோது அயலாரின் கோபமும் கூடவே வந்தது. அமெச்சூரின் 28 மெகாஹெர்ட்ஸ் அலையின் இரண்டாம் மடங்கு 56. அமெரிக்கத் தொலைக்காட்சியின் இரண்டாம் அலைவரிசை 54 முதல் 60 வரை. ஒருவர் பேசத் தொடங்கினால் அடுத்த வீட்டுத் திரையில் கோடுகள் ஓடும். பல சமயங்களில் பழுது வடிகட்டி சரியில்லாத தொலைக்காட்சிப் பெட்டியில்தான் இருந்தது. பழி மட்டும் கம்பத்தின் மீது விழுந்தது. வீட்டுக் கருவிகள் அயல் அலைகளைத் தாங்குவதற்கான தரங்களை விதிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. அதற்குத் துணைநின்ற செனட்டர் பேரி கோல்ட்வாட்டர், கே7யுஜிஏ என்ற அழைப்புக்குறி கொண்ட அமெச்சூர்.

அதற்குள் வழக்கின் இயல்பு மாறத் தொடங்கியிருந்தது. 1950-களில் கூரைதோறும் அலுமினிய ஆன்டெனாக்கள் நின்றன. ஹாமின் கம்பம் அந்தக் கூட்டத்தில் சற்று உயரமான ஒன்று, அவ்வளவுதான். கேபிள் பரவியதும் கூரைகள் மொட்டையாயின. தனித்து நின்ற கம்பம் கண்ணை உறுத்தியது. திரை கெடுகிறது என்ற முறையீடு மங்கி, காட்சி கெடுகிறது, மனையின் மதிப்பு குறைகிறது என்ற முறையீடு எழுந்தது.

நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் அதிகாரத்தை 1926-இல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகளுக்கு உறுதி செய்திருந்தது. அந்த அதிகாரத்துக்கு ஓர் எல்லை கேட்டு அமெச்சூர்களின் அமைப்பான அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் ஆணையத்தை அணுகியது. 1985 செப்டம்பரில் பிறந்தது பி.ஆர்.பி.-1 என்னும் ஆணை. உள்ளாட்சி விதிகள் அமெச்சூர் தொடர்புக்கு நியாயமான அளவில் இடம் தரவேண்டும். தம் நோக்கத்துக்குத் தேவையான குறைந்தபட்சக் கட்டுப்பாடாகவே அமையவேண்டும் என்றது அது. உயரம் எத்தனை அடி என்று மட்டும் சொல்லவில்லை.

'நியாயமான' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் பொருளைத் தேடி வழக்குகள் நடந்தன. 1991-இல் கலிபோர்னியாவின் பர்லிங்கேம் நகரம் 51 அடி ஆன்டெனாவை மறுத்தது செல்லும் என்றது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம். 1994-இல் மின்னசோட்டாவின் மெண்டோட்டா ஹைட்ஸ் நகரம் 68 அடிக் கோபுரத்தை மறுத்தபோது, காரணங்களை ஆராயாமல் மறுப்பது இடம் தருவதாகாது என்றது இன்னொன்று. தெளிவு வேண்டிய சில மாநிலங்கள் எண்களையே எழுதிவிட்டன. வர்ஜீனியாவின் சட்டம் மக்கள் அடர்ந்த பகுதிகளில் 75 அடி வரையிலும் அடர்த்தி குறைந்த பகுதிகளில் 200 அடி வரையிலும் உள்ளாட்சிகள் தடுக்கக்கூடாது என்கிறது.

ஆக, அமெச்சூர்கள் அரசிடம் ஓரளவு வென்றார்கள். அவர்களை மடக்கியது வேறொன்று. புதிய குடியிருப்புகளின் மனைப் பத்திரங்களில் வெளிப்புற ஆன்டெனா கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தது. அதைக் காக்க வீட்டு உரிமையாளர் சங்கங்கள் எழுந்தன. 1970-இல் ஏறத்தாழ 10,000 ஆக இருந்த சங்கங்கள் அரை நூற்றாண்டுக்குள் மூன்று லட்சத்தைத் தாண்டின. வீட்டை வாங்குபவர் தாமே கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது என்பதால் பி.ஆர்.பி.-1 அதைத் தீண்டவில்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, ஒரு மீட்டருக்கு உட்பட்ட செயற்கைக்கோள் தட்டுகளை இத்தகைய நிபந்தனைகள் தடுக்க முடியாதென்று ஆயிற்று. வீட்டில் இருந்தபடி படம் பார்க்கும் உரிமைக்குக் கிடைத்த பாதுகாப்பு, வீட்டிலிருந்து பேசும் உரிமைக்குக் கிடைக்கவில்லை. அதைப் பெறுவதற்கான மசோதா 2016-இல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோயிற்று. 2005-இல் கத்ரினா புயல் தொலைபேசிகளை ஊமையாக்கியபோது செய்தி சுமந்தவர்களுள் இதே அமெச்சூர்கள் இருந்தார்கள் என்பதும் அவர்களுடைய வாதங்களில் ஒன்று.

இதில் அயலாரை வில்லனாக்கிவிடுவது எளிது, நேர்மையல்ல. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குபவர் சன்னலுக்கு வெளியே தெரியும் வானத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். பெரும்பாலோர் படிக்காமல் கையெழுத்திடும் ஒப்பந்தம் எந்த அளவுக்கு விருப்பத்தின் பேரில் செய்யப்பட்டது என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வி. அதற்கு இன்னும் விடையில்லை.

விடை வரும்வரை ஹாம்கள் மறைந்து வாழக் கற்றுக்கொண்டார்கள். பரணில் ஓடும் கம்பி, மரக்கிளைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி, வேலியோடு வேலியாக ஒன்று. எல்லாவற்றிலும் சுவையானது கொடிக்கம்பம். உரிமையாளர் தம் வீட்டில் தேசியக் கொடி காட்டுவதைச் சங்கங்கள் தடைசெய்யக்கூடாது என்று 2006-இல் சட்டமானது. கம்பத்தை எங்கே, எவ்வளவு உயரத்தில் நடுவது என்பதில் சங்கத்தின் சொல் இன்னும் செல்லும். ஆனாலும் கொடி பறக்கும் இடத்தில் ஆன்டெனாவை யாரும் தேடுவதில்லை. பகலெல்லாம் கொடியைச் சுமக்கும் கம்பம் இரவில் குரலைச் சுமக்கிறது. பேசுவதற்கு நாடு உரிமம் கொடுத்த மனிதர், தம் குரலை நாட்டின் கொடிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார்.